தண்ணீர் ஆறுகிற நேரம்

மறுபடியும் நிறுத்திவிட்டாள். ஞானகுரு மேற்கூரையைப் பார்த்தபடி கிடந்தான். பார்ப்பதற்கு வேறென்ன இருக்கிறது, கான்கிரீட்தான், அதிலே ஒரு விரிசல்தான், விரிசலுக்குப் பக்கத்தில் கரண்ட் போனதிலிருந்து செத்துத் தொங்குகிற ஃபேன்தான். மேலே மொட்டைமாடியில் ரம்பம் கர்ர் கர்ர் என்று அலுமினியத்தை அறுத்துக்கொண்டிருந்த வரைக்கும் பல் கூசியது, எரிச்சலாக இருந்தது. நின்ற பிறகு அதைவிட எரிச்சலாக இருக்கிறது. ஏன் நிறுத்தினாள்? மே மாசத்து மத்தியானம், சிவகாசி வெயில், காக்காய்கூடத் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒண்டிக்கொண்டு வாயைத் திறந்து வைத்திருக்கும், இவள் அங்கே போய்க் குத்தவைத்துத் தகடு அறுக்கிறாள். யாரைக் கேட்டுச் செய்கிறாள்? கேட்கவில்லை. அதுதான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் சாக்கு நிறைய அந்தத் தகடுகளைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, ஒன்றை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டி, "இங்க பாருங்க, பிரஸ்ல அடிச்சு முடிச்ச பிளேட்டு. எடைக்குப் போட வச்சிருந்தாங்க, கேட்டேன், எடுத்துக்கன்னுட்டாங்க" என்றாள். ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் வெளிறிப்போன நீலம், நீலத்தில் ஏதோ காலண்டரின் பாதி முருகன், ஒரு கண், வேலின் நுனி. அவன் பெண்டாட்டி தவக்கனி வேலை பார்க்கிற அச்சகத்தில் பைண்டிங் செக்‌ஷனுக்குப் பின்னால் அப்படிப் பிளேட்டுகள் குவிந்து கிடக்கும், அவனுக்குத் தெரியாதா? அந்தக் காலண்டர்களைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய் பைக்கில் போய் ஆர்டர் பிடித்தவன் அவன்தானே. கடைக்குள் நுழைந்தாலே நாலு கடைக்குக் கேட்கும், "ஞானகுரு வந்துட்டான்யா" என்பார்கள், அப்படி ஒரு குரல். இப்போது மேலே இருக்கிறவளைக் கூப்பிட வேண்டுமென்றால் மூச்சை இழுத்து, நிறுத்தி, "கனி" என்றால், அது கொசுவலையைத் தாண்டுவதில்லை. "கனி." தாண்டவில்லை. பாருங்கள், இதைத்தான் சொல்கிறேன்.

வேகத்தடை. ஒரு கோடு வெள்ளை அடித்திருந்தால் போதும். கல்யாண மண்டபத்துக்கு முன்னால் முந்தின நாள் போட்டார்களாம், பெயிண்ட் அடிக்க மறுநாள் வருவதாக இருந்ததாம். மறுநாள்! அந்த மறுநாளில் அவன் பைக்கோடு அதில் விழுந்து, கழுத்து எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான், அவர்கள் வந்து அழகாக வெள்ளை அடித்துவிட்டுப் போனார்கள். இன்றைக்கும் அந்த இடத்தில் வண்டிகள் எல்லாம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகின்றனவாம், தவக்கனி சொன்னாள், சொன்னபோது அவனுக்கு வந்த கோபத்தில் சோற்றைத் துப்பிவிட்டான். கோபம் மட்டும் முழுதாக மிச்சமிருக்கிறது. தோளும் முழங்கையும் கொஞ்சம், முகம், அதற்கப்புறம் கோபம். மற்றதெல்லாம் இருக்கிறது ஆனால் இல்லை. கால் இருக்கிறது, பார்த்தால் தெரியும். வயிறு இருக்கிறது, சாப்பிட்டால் நிறைகிறது. ஆனால் வியர்க்காது. அதை முதலில் யாரும் சொல்லவில்லை, கை வராது கால் வராது என்றெல்லாம் சொன்னார்கள், நெஞ்சுக்குக் கீழே ஒரு பொட்டு வியர்வை வராது என்று சொல்லவில்லை, போன வருஷம் சித்திரையில்தான் தெரிந்தது. உடம்பு கொதித்து, கண் செருகி, ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினால், அந்த டாக்டர் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, "இது காய்ச்சல் இல்லம்மா, வெயில். இவர் உடம்புக்குத் தன்னைத் தானே ஆத்திக்கத் தெரியாது. குளிர்ச்சியா வச்சுக்கங்க" என்றார். குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும். மருந்துப் புட்டியில் போட்டிருக்குமே, அதேதான். எங்கே ஐயா வைப்பது? மொட்டைமாடிக்கு நேர் கீழே, மேற்குப் பார்த்த சுவர், ஒரே ஜன்னல். ஏ.சி. வைக்கலாம் என்றால் வீட்டுக்காரர் ஆதிமூலம் அண்ணாச்சி, சுவரை உடைக்கக் கூடாது, லைன் தாங்காது என்றார். சரி, தொட்டிக்கு மேலே ஒரு ஓலைக்கொட்டகை போட்டுக்கொள்கிறோம், குழாய்த் தண்ணீராவது கொதிக்காமல் வரும் என்றால், "ஓலையா? இந்த ஊர்லயா? தீபாவளிக்கு ஒரு ராக்கெட் வந்து விழுந்தா உங்க அப்பாவா வருவாரு?" என்றார். அது நியாயம். அதுதான் ஆத்திரம், அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. நியாயம் இருக்கிற ஆளோடு சண்டை போட முடியாது, மனசுக்குள் வைத்துப் பொருமத்தான் முடியும். கறுப்புத் தொட்டி, கறுப்புக் குழாய், நாள் முழுக்க வெயிலைக் குடித்து வைத்திருக்கும், மத்தியானம் குழாயைத் திறந்தால் அரிசி களையக்கூட ஆகாது, கை சுடும். அவனுக்கோ அந்த நேரத்தில்தான் தண்ணீர் வேண்டும், ஒரு சொம்பு இல்லை, வாளி வாளியாக, துணியை நனைத்து நனைத்துப் போர்த்த வேண்டும். மண்பானை குடிக்கத்தான் காணும். ஃப்ரிட்ஜில் நாலு பாட்டில், கரண்ட் போனால் அதுவும் வெந்நீர். ஐஸ் இருக்கே என்று அக்கா வந்தாள், அவனுடைய சொந்த அக்கா, சாத்தூரிலிருந்து, தவக்கனி வேலைக்குப் போயிருந்த நேரம், தம்பி கொதிக்கிறானே என்று ஐஸ்கட்டியைப் பையில் போட்டுத் தொடையில் வைத்துவிட்டு சீரியல் பார்க்க உட்கார்ந்துவிட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. அதுதான் விஷயம், அவனுக்குத் தெரியாது. தொடை வெந்து தோல் உரிந்து, ஐஸ் சுடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, புண் ஆறுவதற்குள் மழைக்காலமே வந்துவிட்டது. தவக்கனி அக்காவை ஒன்றும் சொல்லவில்லை. "மதினி, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். அன்றைக்கு அவள் கத்தியிருக்கலாம், கத்தியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கத்தவே மாட்டாள். அந்தப் பொறுமை இருக்கிறதே, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் வருகிறவன் போகிறவன் எல்லாம், "பாவம் இந்தப் புள்ள" என்று சொல்கிறான், கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று சொல்கிறான், அவனுக்குக் காதும் போய்விட்டது என்று நினைப்பு.

காது போகவில்லை. இப்போது தட்டுகிற சத்தம் கேட்கிறது, சுத்தியல், டங் டங், அப்பாடா, எழுந்துவிட்டாள். தகட்டில் ஆணி வைத்து ஓட்டை போடுகிறாள். காலையில் சொன்னாள், அவன் கேட்காமலேயே, கேட்கிறவனிடம் சொல்கிற மாதிரி. ஏ.சி. மெக்கானிக்கிடம் செப்புக் குழாய் வாங்கியிருக்கிறாளாம், அதை முறுக்குப் பிழிந்த மாதிரி இப்படியும் அப்படியுமாக வளைத்து, தகட்டைப் பட்டை பட்டையாக நறுக்கி, ஓட்டை போட்டு, குழாயில் இறுக்கமாகக் கோர்க்கப் போகிறாளாம், பைக் எஞ்சினில் மடிப்பு மடிப்பாக இருக்குமே, அந்த மாதிரி. தொட்டித் தண்ணீர் அதுக்குள்ளே ஓடி வரும்போது சூட்டைத் தகடு வாங்கிக் காற்றில் விட்டுவிடுமாம். "காத்தே கொதிக்குது. கொதிக்கிற காத்துல தகடை வச்சா எங்க ஆறும்?" என்றான் அவன். நல்ல கேள்வி, இப்போதும் நல்ல கேள்விதான். அவள் சாக்கை எடுத்து உதறினாள். "ஈரச் சாக்கைச் சுத்திப் போடுவேன். ஈரச் சேலையோட மாடியில நின்னா இந்தக் காத்துலயே குளுருதா இல்லையா? எனக்குக் குளுருது." ஈரச் சேலையோடு மாடியில் அவன் நின்றதில்லை. "நடக்காது" என்றான். "சரி" என்றாள், போய்விட்டாள். அந்தச் சரி இருக்கிறதே. அவள் அண்ணனிடமும் அப்படித்தான் பேசினாள், போன வாரம், போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், கோவில்பட்டியிலிருந்து அந்த ஆள், "எத்தனை நாளைக்கும்மா ஒத்தையில கெடந்து சாவ? அவரை ஒரு ஹோம்ல பாத்து விடுவோம், நல்லா வச்சுக்கிடுவாங்க, நீ இங்க வந்துரு" என்றான். அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. என்ன பேச்சுப் பேசுறீங்க என்று கேட்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேண்ணே" என்றாள். யோசிச்சு. வெங்காயத்தின் தோல் கீழே விழுந்தது, இவன் இந்தக் கட்டிலில் இருந்தான், அவள் இவன் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. யோசிச்சுச் சொல்றேன். ஹோமில் நல்லா வச்சுக்கிடுவாங்களாம். குளிர்ச்சியான இடத்தில் வைப்பார்களோ என்னவோ. யோசிக்கிறவள் எதற்கு இப்போது தகடு கோர்க்கிறாள்? போகிறவள் போகவேண்டியதுதானே? அல்லது போவதற்கு முன்னால் செய்துவைத்துவிட்டுப் போகிறாளோ, கடைசிக் கடமையாக, ஹோமுக்கு ஆளை அனுப்புவதற்கு முன்னால் ஊறப்போட்டுக் குளிப்பாட்டி... சீ. நாக்கு காய்கிறது. காது மடல் இரண்டும் நெருப்பாக இருக்கிறது. நெற்றியில் மட்டும் வியர்வை வழிந்து கண்ணுக்குள் போகிறது, துடைக்க முடியவில்லை, உடம்பு முழுக்க ஆற வேண்டியதை இந்த நெற்றி ஒன்றே ஆற்றப் பார்க்கிறது, முட்டாள் நெற்றி.

படியில் செருப்புச் சத்தம். ஆதிமூலம் அண்ணாச்சி மேலே ஏறுகிறார், அந்த மூச்சு வாங்கல் தெரியும். ஏறட்டும். ஜன்னலுக்கு நேரே மேலேதான் தொட்டி, பேசினால் எல்லாம் கேட்கும். "ஏம்மா தவக்கனி, யாரைக் கேட்டும்மா பைப்பை அறுத்த?" "தனியா ஒரு லைன் பிரிச்சிருக்கேன் அண்ணாச்சி. உங்க லைனுக்கு ஒண்ணும் ஆகாது." "லீக் ஆச்சுன்னா? கீழ என் பீரோ இருக்கு, கட்டில் இருக்கு..." "லீக் ஆனா நான் அடைச்சுத் தாரேன்." "இதெல்லாம் பொம்பளைப் பிள்ளை செய்யிற வேலையா? ஆளை வச்சுச் செய்ய வேண்டாமா?" சுத்தியலைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு அவள் குரல், உயராமல், "ஆளைத் தேடுனேன். கிடைக்கலை. நீங்க செஞ்சு தாரீங்களா அண்ணாச்சி? இந்தாங்க, அந்தப் பக்கத்தைப் பிடிங்க." ஞானகுருவுக்கு உச்சந்தலை வரைக்கும் சுரீரென்றது. சபாஷ்! சரியான பேச்சு! மூச்சை இழுத்து, நிறுத்தி, "அப்படிச் சொல்லு கனி" என்றான். கொசுவலைக்கே கேட்டிருக்காது. மேலே இருந்து அண்ணாச்சி, "படுக்கையில கெடக்கிற மனுஷனுக்காகப் பாக்கிறேன், இல்லைன்னா..." என்று முணுமுணுத்தபடி இறங்கிப் போனார். படுக்கையில் கிடக்கிற மனுஷன். எனக்காக ஒன்றும் பார்க்க வேண்டாம். நான் கேட்டேனா? நான் எதையும் கேட்கவில்லை ஐயா, ஒரு வெள்ளைக் கோடு கேட்டேன், அதுவும் காலம் கடந்து. இறங்கட்டும். வழியில் இங்கே எட்டிப் பார்த்து, என்ன தம்பி எப்படி இருக்க என்று கேட்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ள வேண்டும், அதற்கு மட்டும் கழுத்து ஒத்துழைக்கும். எட்டிப் பார்க்கவில்லை. அதற்கும் கோபம் வந்தது.

பிறகு எதுவும் கேட்கவில்லை. ரம்பம் இல்லை, சுத்தியல் இல்லை, நடக்கிற சத்தம் இல்லை. தகடுகள் காற்றில் உரசுகிற ஒரு சலசலப்பு மட்டும், மேக்காத்து எழும்பிவிட்டது போல, ஜன்னல் வழியாக வந்து முகத்தில் அடித்தால் அடுப்பைத் திறந்த மாதிரி இருக்கிறது. தகட்டைக் கோர்க்கிறாள். கோர்க்கும்போது சத்தம் வராது. வராதா? ஒரு கிளிங் கூடவா வராது? தொட்டி நிழலில் உட்கார்ந்திருப்பாள், களைப்பாற. காலையில் என்ன சாப்பிட்டாள்? அவனுக்கு இட்லி ஊட்டினாள், அவள் சாப்பிட்டதைப் பார்க்கவில்லை, என்றைக்குப் பார்த்திருக்கிறான். தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாளா? போகும்போது கையில் சாக்கு, ரம்பம், இன்னொரு கையில் குழாய். தண்ணீர் இல்லை. கையில் தண்ணீர் இல்லை. போன வருஷம் பட்டாசு ஆலைக்குப் போகிற வேனில் இருந்து இறங்கி ஒரு பெண் ரோட்டைக் கடக்கும்போதே சுருண்டு விழுந்தாள் என்று தவக்கனிதான் வந்து சொன்னாள், வெயில் அடித்தால் முதலில் வியர்க்கும், அப்புறம் வியர்வை நிற்கும், அப்புறம் ஆள் விழும். வியர்வை நின்றால் எப்படி இருக்கும் என்று ஊரிலேயே அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். "கனி." மேலே சுடுதரையில் விழுந்து கிடந்தால் யார் பார்ப்பார்கள்? அண்ணாச்சி இறங்கிவிட்டார், சாப்பிட்டுத் தூங்குவார். "கனி!" இவன் இங்கே, அவள் அங்கே, நடுவில் ஒரு கான்கிரீட், அந்தப் பக்கம் ஒரு உடம்பு வேகிறது, இந்தப் பக்கம் ஒரு உடம்பு வேகிறது. முழங்கையை இழுத்தான். தலைமாட்டு ஸ்டூலில் ஒரு டம்ளர் இருந்தது, அதை இடித்துத் தள்ளினால் சத்தம் வரும். தோளைத் திருகி, கையை ஒரு கட்டையைப் போல வீசி, முதல் தடவை ஸ்டூலின் விளிம்பில் பட்டது, இரண்டாம் தடவை டம்ளர் விழுந்து உருண்டு பீரோ காலில் போய் மோதியது, இருந்த தண்ணீரும் தரையில். சத்தம் இவ்வளவுதானா? ஒரு டம்ளரின் சத்தம் இவ்வளவுதானா? அழுகை வந்தது, அழுகையைவிட முந்திக்கொண்டு கோபம் வந்தது, ஏண்டி போனாய், யார் கேட்டார்கள் உன்னிடம், வெந்நீரை ஊற்றிக் கொன்றுவிட்டுப் போயிருக்கலாமே, நீ விழுந்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்று ஒரு தடவை யோசித்தாயா, யோசிச்சுச் சொல்றேன் யோசிச்சுச் சொல்றேன் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறாயே, இதை யோசித்தாயா.

ஜன்னல் கம்பிக்குள் ஒரு பச்சை டியூபின் முனை வந்து ஆடியது. மேலிருந்து யாரோ இறக்குகிறார்கள். யாரோ என்ன யாரோ. முனை வந்து சுவரைத் தட்டி நின்றது, பிறகு படியில் அவள் காலடி, வெறுங்கால், சூடு தாங்காமல் எட்டி எட்டி வைக்கிற காலடி. கதவில் வந்து நின்றாள். முகம் கறுத்துச் சிவந்து, தலைமுடி நெற்றியில் ஒட்டி, விரலில் துணி சுற்றியிருந்தது, துணியில் ரத்தம். டம்ளரைப் பார்த்தாள், தரைத் தண்ணீரைப் பார்த்தாள். "என்ன வேணும்?" "எத்தனை தடவை கூப்பிட்டேன்!" "கேக்கலை." "செத்துட்டியோன்னு நெனைச்சேன்." "சாகலை" என்று சொல்லிவிட்டு டியூபை உள்ளே இழுத்தாள். அந்த அலட்சியம் பொறுக்கவில்லை அவனுக்கு, நெஞ்சில் இருந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. "உங்க அண்ணன்கிட்ட என்ன சொல்லப் போற?" தவக்கனி டியூபைப் பிடித்தபடி நின்றாள். அவள் முகத்தில் அந்தப் பொறுமை இல்லை. அவன் பார்த்தேயிராத ஒன்று இருந்தது. "யோசிக்கிறேன்" என்றாள். "தெனமும் யோசிக்கிறேன். பைண்டிங் தைக்கும்போது யோசிக்கிறேன், உங்களைப் புரட்டிப் போடும்போது யோசிக்கிறேன். யோசிக்கக்கூடக் கூடாதா நான்? அதுக்கும் உங்களைக் கேக்கணுமா?" கத்தினாள். தவக்கனி கத்தினாள். கீழே ஆதிமூலம் அண்ணாச்சி வீட்டில் இன்வெர்ட்டரில் ஓடுகிற டி.வி. சத்தம் ஒரு நொடி குறைந்தது. "கேக்கணும்னு சொல்லலை" என்றான் ஞானகுரு. சொன்னான்தான், காலையிலிருந்து மனசுக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான், ஆனால் அவளுடைய குரலுக்கு எதிரில் அது நிற்கவில்லை, அவன் குரலைப் போலவே சுருங்கிப்போயிற்று.

அவள் டியூபின் முனையை அவன் கன்னத்தில் வைத்தாள். "என் கை காந்துது, எனக்குச் சூடு தெரியலை. நீங்க சொல்லுங்க." தண்ணீர் வந்தது. சுட்டது. "சூடு" என்றான், சொல்லும்போதே ஒரு வெற்றி, நடக்காது என்று அப்போதே சொன்னேனே, கொதிக்கிற காற்றில் எங்கே ஆறும், ஆனால் அந்த வெற்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் மாடிக்கு ஓடினாள். சாக்கில் தண்ணீர் வீசுகிற சத்தம், சளப் சளப். வந்தாள். "இப்ப?" "சூடு குறைஞ்சிருக்கு. ஆனா சூடுதான்." பொய் சொல்லவில்லை, அவளை வதைக்கச் சொல்லவில்லை, கன்னம் என்ன சொன்னதோ அதைச் சொன்னான், அவளும் அதைத் தெரிந்துகொண்டவள்போலத் தலையசைத்து மறுபடி போனாள். இந்தத் தடவை மேலே எதையோ திருகினாள், டியூபில் இருந்து கொட்டியது ஒழுகலாயிற்று, விரல் பருமனில் இருந்து பென்சில் பருமனில். மெதுவாக விடுகிறாள். தகட்டிலே நின்று நின்று வரட்டும் என்று விடுகிறாள். அடேயப்பா. மேக்காத்து சாக்கை அடித்துத் தகடுகள் சலசலப்பது கேட்டது, பாதி முருகன்களும் நீலத் தேதிகளும் கொதிக்கிற காற்றில் ஈரமாக நடுங்குவதை அவன் பார்க்காமலே பார்த்தான். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கேள்வி கேட்காமல், முனையைக் காதுக்குப் பின்னால் வைத்தாள். கழுத்தில் வழிந்து, உணர்ச்சி முடிகிற எல்லை வரைக்கும், தண்ணீர் இறங்கியது. அது ஐஸ் இல்லை, பானைத் தண்ணீரும் இல்லை. ஆற்றில் இறங்கி நிற்கும்போது முதலில் கணுக்காலுக்குத் தெரியுமே, அது. உடம்பெல்லாம் அதற்காக ஒரு சத்தம் போட்டிருக்கும், கேட்கத்தான் இல்லை. தலைக்குள் காலையிலிருந்து இடித்துக்கொண்டிருந்தது ஒரு படி இறங்கியது. "சொல்லுங்க." அவன் கண்ணை மூடிக்கொண்டான். "சொல்லித் தொலைங்க!" "குளுருது" என்றான். "கனி, குளுருது."

அவள் வாளியை இழுத்து டியூபை அதில் போட்டாள். மெதுவாகத்தான் நிரம்பியது, இன்னும் மெதுவாக நிரம்பினாலும் சரி என்று இருந்தது. துணிகளை எடுத்து அடுக்கினாள், அவனுடைய வேட்டித் துண்டுகள், நனைத்து நெஞ்சில் போட, தொடையில் போட. சொம்பை எடுத்து வாளியில் முக்கினாள். அவன் முகத்தைத் தூக்கித் தயாராக வைத்துக்கொண்டான். தவக்கனி அந்தச் சொம்பைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டாள். அப்படியே, உட்கார்ந்த இடத்தில், சேலையோடு, நடு அறையில். தண்ணீர் முடியில் வழிந்து, கறுத்த கழுத்தில் இறங்கி, ரவிக்கையை நனைத்துத் தரையில் ஓடியது, அவள் வாயைத் திறந்து ஒரு மூச்சு விட்டாள், அவன் கேட்டறியாத மூச்சு. ஞானகுருவுக்கு ஒரு கணம் பொசுக்கென்று வந்தது, என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள், இங்கே ஒருத்தன் வெந்துகொண்டு கிடக்கிறான். "அது எனக்குச் செஞ்சது" என்றான். தவக்கனி நனைந்த கண்ணிமையைத் துடைத்துவிட்டு அவனை நேராகப் பார்த்தாள். "எனக்குந்தான் செஞ்சேன்" என்றாள். பொறுமையும் இல்லாமல் பாவமும் இல்லாமல் தலைமுடியில் தண்ணீர் சொட்ட ஒருத்தி வாளிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள், வெயில் அவளையும் தின்றிருந்தது, இந்த அறையில் இரண்டு பேர் வேகிறார்கள் என்று கணக்கில் அவனும் சேர்க்கவில்லை, ஊரும் சேர்க்கவில்லை. "அப்ப இன்னொரு சொம்பு ஊத்திக்கோ" என்றான், கோபம் இன்னும் முழுதாக இறங்காத குரலில்தான் சொன்னான். அவள் ஊற்றிக்கொண்டாள். பிறகு இன்னொன்று. அவன் காத்திருந்தான்.